மலை சும்மா இருந்த நாட்கள்

எரிமலையின் அதிர்வுப் பதிவுகளை வாசிக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் மூன்று மாதம் ஒரே வேலைதான் கொடுத்தார். ஒன்றுமே நடக்காத நாட்களின் பதிவுகளைப் பார்ப்பது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு 96 கோடு, கோட்டுக்கு 15 நிமிடம். இரண்டு வருடத்துப் பக்கங்கள் இருந்தன. தேதி வாரியாகப் புரட்டி, கோடு எங்கெல்லாம் தடித்திருக்கிறதோ அங்கெல்லாம் ஏன் தடித்தது என்று ஓரத்தில் எழுத வேண்டும்.

பத்து நாளில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எப்ப சார் நிலநடுக்கம் பார்க்க ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டேன்.

"மலை சும்மா இருக்கறப்ப எப்படி இருக்கும்னு உனக்கு இன்னும் தெரியாதும்மா. அது தெரியாம, அது சும்மா இல்லைன்னு எங்கிட்ட எப்படி வந்து சொல்லுவ?" என்றார்.

அன்றைக்கு அது எனக்கு மூத்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் புத்திமதியாகத்தான் பட்டது. இன்று இந்த வேலையைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

சும்மா இருக்கும் மலையின் கோடு நேராக இருக்காது. முதலில் கடல். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மலையிலும், கடலலைகள் தரையை அழுத்தி விடும் மெல்லிய ஏற்ற இறக்கம் ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். எங்கோ தொலைவில் புயல் மூண்டால் அது பெருக்கும். பிறகு காற்று. மரம் ஆடினால் வேர் ஆடும், வேர் ஆடினால் மண் ஆடும். முற்பகலில் தடிக்கத் தொடங்கிய கோடு பொழுது சாய்ந்ததும் மெலியும். மழை பெய்தால் கோட்டுக்குச் சொரசொரப்பு வந்துவிடும். சரிவில் பாறை உருண்டால் கோடு மெல்லப் பருத்து மெல்ல இளைத்து நூல் சுற்றிய கதிர்போல ஆகும். உலகத்தின் வேறொரு மூலையில் பெரிய நிலநடுக்கம் வந்தால், கால் மணி நேரம் கழித்து நீண்ட நிதானமான அலை ஒன்று வந்து, மலையில் கருவி வைத்திருக்கும் எல்லா நிலையங்களையும் ஏறக்குறைய ஒன்றாகத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். இவற்றுக்கெல்லாம் தனித்தனி முகம் உண்டு. மூன்று மாதத்தில் அந்த முகங்கள் எனக்குப் பழகிவிட்டன. ஒரு மாடு கருவிக்குப் பக்கத்தில் மேய்வதைக்கூடக் கோட்டை வைத்தே சொல்ல முடிந்தது.

அதன் பிறகுதான் முதல் நிலநடுக்கத்தைக் குறிக்க விட்டார்.

திரையில் ஆறு நிலையங்களின் கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடுகின்றன. கருவி ஒரு விநாடிக்கு 100 முறை தரையின் அசைவை அளக்கிறது. ஒரு விநாடி நீளத்தைத் திரை முழுக்க விரித்தால், கோடு சலசலத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் சட்டென்று மேலே எகிறும். அதுதான் முதல் அலை. அந்த எகிறலின் அடிக்குக் கர்சரைக் கொண்டுபோய் அழுத்த வேண்டும். ஒரு புள்ளி முன்னே பின்னே போனாலும் மலைக்குள்ளே பல பத்து மீட்டர் தள்ளிப் போய்விடும். பிறகு அந்த ஆட்டம் அடங்குவதற்குள் இன்னும் பெரிதாய், இன்னும் மந்தமாய் இரண்டாவது அலை. முதலது பாறையை அமுக்கித் தளர்த்திக்கொண்டு போவது. இரண்டாவது பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு போவது, வேகம் குறைவு. இரண்டுக்கும் இடையே அரை விநாடி என்றால் நடுக்கம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளி நடந்திருக்கிறது. இடியின் மின்னலைப் பார்த்துவிட்டு ஓசைக்குக் காத்திருந்து எண்ணுவதுபோலத்தான். ஆறு நிலையங்களிலும் இப்படிக் குறித்தால் இடமும் ஆழமும் கிடைக்கும்.

நான் குறித்த முதல் நடுக்கத்தின் அளவு 0.4. அதன்மேல் நின்றிருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் தரையின் அசைவு பத்து மடங்கு, வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. கீழே போனால் பூஜ்யத்தோடு நிற்காது. மைனஸ் 1 அளவுக்கும் நடுக்கம் உண்டு, கருவி அருகில் இருந்தால் பதிவாகும். எங்கள் வேலையில் பெரும்பகுதி இந்தப் பூஜ்யத்தைச் சுற்றித்தான்.

ஏன் இவ்வளவு சின்னதைத் துரத்த வேண்டும்? மாக்மா, அதாவது மலைக்குள்ளே உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு, மேலே வருவதற்கு வழி வேண்டும். பாறையை விரிசல் விடவைத்துத்தான் அது வழி செய்துகொள்கிறது. ஒவ்வொரு விரிசலும் ஒரு நடுக்கம். இது சாதாரண நிலநடுக்கம் போலவே கூர்மையாகத் தொடங்கி விரைவில் அடங்கும். இன்னொரு வகை இருக்கிறது. விரிசலுக்குள் வாயுவோ சூடான நீரோ மாக்மாவோ அழுத்தத்தில் முட்டும்போது அந்த விரிசலே அதிர்ந்து முனகும். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று முட்டி முனகுவதைக் கேட்டிருப்பீர்கள், ஏறக்குறைய அதுதான். விநாடிக்கு ஐந்து அதிர்வுக்கும் குறைவான மந்தமான அலை, தொடக்கம் எதுவென்று தெளிவாகத் தெரியாது. முதல் வகை, பாறை உடைகிறது என்கிறது. இரண்டாவது, உள்ளே எதுவோ ஓடுகிறது என்கிறது. இந்த முனகல் விடாமல் தொடர்ந்தால் அதற்குத் தொடர் அதிர்வு என்று பெயர்.

நம் காது விநாடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே கேட்காது. பதிவை 60 மடங்கு வேகமாக ஓட்டினால் கேட்கலாம். அலாஸ்காவின் ரிடவுட் எரிமலையில் 2009-ல் பதிவானதை அப்படி ஓட்டிக் கேட்ட நாளை என்னால் மறக்க முடியவில்லை. சின்னச் சின்ன நடுக்கங்கள் தட்டுத்தட்டாகத் தொடங்குகின்றன. தட்டுகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஒன்றோடொன்று கலந்து ஒரே சுருதியாகி, அந்தச் சுருதி மேலே மேலே ஏறி விநாடிக்கு 30 அதிர்வு வரை போகிறது. பிறகு சட்டென்று மௌனம். உண்மையான நேரத்தில் அது அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். அதன் பிறகு வெடிப்பு. அன்று அறையில் இருந்த எவரும் பேசவில்லை.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் 2004-ல் மறுபடி விழித்தபோது, ஒரே மாதிரியான நடுக்கங்கள் தாளம் தப்பாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு முரசடி என்றே பெயர் வைத்தார்கள். கிட்டத்தட்ட கெட்டிப்பட்ட பாறை ஒரு தூண்போலத் தேய்ந்து தேய்ந்து மேலேறிய ஒலி அது. கொலம்பியாவின் கலெராஸில் வந்தவற்றுக்கு ஸ்பானிய மொழியில் டோர்னியோ, அதாவது திருகாணி, என்று பெயர்: தலை கூர்மையாகத் தொடங்கி உடல் சீராக மெலிந்துகொண்டே போகும். நாளுக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். 1992 ஜூலை வெடிப்புக்கு முன்னாலும் வந்தன, 1993 ஜனவரியிலும் வந்தன. அந்த ஜனவரி 14 அன்று மாநாட்டுக்கு வந்திருந்த அறிவியலாளர்கள் சிலர் வாய்க்குழிக்குள் இறங்கியிருந்த வேளையில் மலை வெடித்தது. ஆறு அறிவியலாளர்களும் மூன்று சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த மலை அமைதியாகத்தான் இருந்தது. வந்தது என்ன வகை என்பதில்தான் சேதி இருந்தது. அந்தச் சேதியின் கனம் பிறகுதான் புரிந்தது. என் துறையில் எல்லோரும் மனதில் சுமக்கும் நாள் அது.

இந்த வாசிப்பு தொடங்கி 150 வருடத்துக்கு மேலாகிவிட்டது. இத்தாலியின் வெசுவியஸ் மலை ஆய்வகத்தில் லூயிஜி பால்மியெரி 1856-ல் மின்காந்த அதிர்வுமானி ஒன்றை அமைத்தார். 1910-ல் ஜப்பானின் ஊசு மலை வெடித்தபோது ஒமோரி ஃபூசாகிச்சி அங்கே கருவியைக் கொண்டுபோய் வைத்துத் தொடர் அதிர்வைப் பதிந்தார். எனக்கு நெருக்கமானவர் அவருக்கு அப்போது உதவியாக இருந்த ஓர் இளைஞர், மிமாட்சு மசாவோ.

மிமாட்சு அறிவியலாளர் இல்லை. பின்னாளில் அந்த ஊர் அஞ்சலகத் தலைவரானார். 1943 டிசம்பர் கடைசியில் ஊசுவைச் சுற்றி நிலம் அதிரத் தொடங்கியது. போர்க்காலம். மக்கள் பீதியடைவார்கள் என்று சேதியை அடக்கி வைத்திருந்தார்கள், ஆய்வாளர்களும் வர முடியவில்லை. கோதுமை வயல் ஒன்று தூக்கிக்கொண்டு எழும்ப ஆரம்பித்தது. மிமாட்சு அஞ்சலகத்துக்குப் பின்னால் கம்பங்கள் நட்டு, கிடைமட்டமாக நூல்களை இழுத்துக் கட்டினார். எப்போதும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக மோவாயை வைத்துக்கொள்ள ஒரு தாங்கியும் செய்துகொண்டார். அங்கே மோவாயை ஊன்றி, நூல்களுக்கு எதிரே மலையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று நாள் விடாமல் வரைந்தார். 1945 வரை. வயல் இருந்த இடத்தில் இன்று ஷோவா-ஷின்சான் என்ற மலை நிற்கிறது. அவர் வரைந்த படம் 1948-ல் ஆஸ்லோவில் நடந்த எரிமலையியல் மாநாட்டில் வைக்கப்பட்டது. இன்றும் மிமாட்சு வரைபடம் என்றே பெயர். ஒரு மலை பிறந்து வளர்ந்ததை நாள்வாரியாகச் சொல்லும் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது, ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும் கோடுகள்தான். அவை மலை வளராத நாட்கள். அன்றைக்கும் அவர் மோவாயை ஊன்றிப் பார்த்திருக்கிறார்.

ஊசுவைப் பொய் சொல்லாத மலை என்பார்கள். வரலாற்றில் தெரிந்த அதன் வெடிப்புகளுக்கெல்லாம் முன்னால் மக்கள் உணரும் நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2000 மார்ச் 27-ல் அதிரத் தொடங்கியது, அடுத்த இரண்டு நாளில் எச்சரிக்கை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றம், 31-ஆம் தேதி வெடிப்பு. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் இது ஊசுவின் குணம். அதன் பழக்கத்தை இன்னொரு மலைமேல் ஏற்றிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு மலைக்கும் அதன் சொந்தப் பழம்பதிவு வேண்டும்.

அந்தப் பதிவு இல்லாத மலைக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பதற்குப் பினட்டூபோ. பிலிப்பைன்ஸில், ஏறக்குறைய 500 வருடம் தூங்கிய மலை. 1991 ஏப்ரல் 2 அன்று அதன் சரிவில் வரிசையாக நீராவி வெடித்துக் கிளம்பியபோது, அந்த மலையில் ஓர் அதிர்வுமானிகூட இல்லை. ஃபிவோல்க்ஸ் எனப்படும் அந்நாட்டு எரிமலை ஆய்வு நிறுவனம் அவசர அவசரமாகக் கருவி கொண்டுபோய் வைத்தது. முதல் 24 மணி நேரத்திலேயே 200-க்கும் மேற்பட்ட நடுக்கங்கள் பதிவாகின. 200 அதிகமா குறைவா? பக்கத்திலேயே முந்தைய வருடம் ஜூலையில் 7.7 அளவில் லூசோன் நிலநடுக்கம் வந்திருந்தது; அதன் மிச்சமா? இந்த மலை எப்போதும் இப்படித்தான் நாளுக்கு நூறு தடவை முணுமுணுக்குமோ? யாருக்குத் தெரியும்? பார்த்தவர் எவரும் இல்லை.

ஃபிவோல்க்ஸ் தலைவர் ரேமுண்டோ புனோங்பாயானின் குழுவும் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்திலிருந்து வந்தவர்களும் அந்த இரண்டு மாதத்தில் ஒரு மலையின் மொழியைக் கற்றார்கள். மே முழுக்க நடுக்கங்கள் பெரும்பாலும் சிகரத்துக்கு வடமேற்கே 5 கிலோமீட்டர் தள்ளி நடந்தன. ஜூன் தொடக்கத்தில் அவை இடம் மாறி நீராவி வந்த வாய்களுக்கு நேர் கீழே வந்தன. முனகல் வகையும் சேர்ந்தது. ஜூன் 7-ல் மாக்மா வெளியே தலைகாட்டியது. 10-ஆம் தேதி அருகிலிருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானப்படைத் தளத்திலிருந்து 14,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பல்லாயிரம் பேர். ஜூன் 15-ல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. எத்தனையோ ஆயிரம் உயிர் பிழைத்தன. இதை எங்கள் துறையின் வெற்றி என்பார்கள், வெற்றிதான். எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வயிற்றைப் பிசைவது அந்த ஏப்ரல்தான். மலை இரண்டு மாதம் அவகாசம் தராமல் இரண்டு வாரம் தந்திருந்தால்?

பழம்பதிவு இருந்தும் போதாமல் போன கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. ஜப்பானின் ஓன்டாகே மலையில் 2014 செப்டம்பர் 10-ஆம் தேதி 52 நடுக்கங்கள், 11-ஆம் தேதி 85. பிறகு குறைந்துவிட்டன. தரை வீங்கவில்லை. 2007-லும் நடுக்கங்கள் பெருகி, கடைசியில் கொஞ்சம் சாம்பலோடு அடங்கிய மலை அது. எச்சரிக்கை, இருப்பதிலேயே கீழான நிலை 1-லேயே இருந்தது. செப்டம்பர் 27, சனிக்கிழமை, இலைகள் நிறம் மாறும் பருவம், மதிய உணவு வேளை. சிகரம் முழுக்க மலையேறிகள். 11.41-க்குத் தொடர் அதிர்வு தொடங்கியது. 11.52-க்கு வெடித்தது. 63 பேர் இறந்தார்கள் அல்லது கிடைக்காமல் போனார்கள்.

மாக்மா வரவில்லை. உள்ளே இருந்த நீர் சூடேறி ஆவியாக வெடித்தது. அப்படிப்பட்ட வெடிப்பு பாறையைப் பெரிதாக உடைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை, அதனால் சேதியும் சன்னமாகத்தான் வரும். அந்த 85-ஐப் பார்த்துவிட்டு நிலையை உயர்த்தியிருக்க வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. அப்படி ஓரிரு நாள் பெருகிப் பிறகு அடங்கும் கூட்டங்களை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அன்று நிலை 1-க்குப் பக்கத்தில் எழுதியிருந்த சொல் 'வழக்கநிலை'. அடுத்த வருடம் அதை, 'இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் கொள்க' என்று மாற்றினார்கள். கோடுகளை வாசிப்பதோடு எங்கள் பொறுப்பு முடிவதில்லை, வாசித்ததை எந்தச் சொல்லில் கீழே அனுப்புகிறோம் என்பதிலும் உயிர் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எச்சரித்து, வெடிக்காமல் போவது. பப்புவா நியூ கினியில், எரிமலைப் பள்ளத்துக்குள் இருக்கும் ரபாவுல் நகரில் 1983 தொடங்கி 1985 வரை நடுக்கங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. 1984 ஏப்ரலில் மட்டும் 13,000-க்கும் மேல். ஊரே வெளியேறத் தயாராக ஒத்திகை பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. மக்களுக்குச் சலிப்பு வந்தது, வியாபாரம் படுத்தது. ஒன்பது வருடம் கழித்து, 1994 செப்டம்பர் 18 அதிகாலை வலுவான இரண்டு அதிர்வுகள். அன்றிரவே ஊர் காலியானது. பெரும்பாலோர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை, எந்தச் சாலையில் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை இரண்டு வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து நகரைச் சாம்பலில் புதைத்தன. முதல் அதிர்வுக்கும் வெடிப்புக்கும் இடையே 27 மணி நேரம்தான். இறந்தவர்கள் மிகச் சிலர். 1984-ன் எச்சரிக்கையைப் பொய் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவேன். அந்த எச்சரிக்கை பத்து வருடம் கழித்துப் பலித்தது.

2025 தொடக்கத்தில் கிரேக்கத் தீவான சான்டோரினியில், அதிர்ந்தும் வெடிக்காமல் போவது மறுபடி நடந்தது. அதற்கும் பக்கத்துத் தீவான அமோர்கோஸுக்கும் இடையே கடலடியில் ஆயிரக்கணக்கில் நடுக்கங்கள், பெரியது 5.3. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலிலும் விமானத்திலும் கிளம்பிப் போனார்கள். எரிமலை வெடிக்கவில்லை. பிறகு அந்தப் புள்ளிகளை நுணுக்கமாக வைத்துப் பார்த்தபோது, ஆழத்திலிருந்து மாக்மா ஒரு தகடுபோலப் பாறையைப் பிளந்துகொண்டு வந்து கடலடிக்குச் சில கிலோமீட்டர் கீழே நின்றுவிட்டது தெரிந்தது. வந்தது உண்மை, நின்றதும் உண்மை.

மாக்மா நகர்வதைப் புள்ளிகளாகப் பார்ப்பதில் இருக்கும் பிரமிப்பு எனக்கு இன்னும் குறையவில்லை. 2014 ஆகஸ்ட் 16 அன்று ஐஸ்லாந்தில் பனிப்பாளத்துக்கு அடியில் இருக்கும் பார்தர்புங்கா எரிமலையில் ஒரு நடுக்கக் கூட்டம் தொடங்கியது. தினமும் வரைபடத்தைத் திறப்பேன். புள்ளிகள் வடகிழக்காகக் கொஞ்சம் முன்னேறியிருக்கும். சில சமயம் ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் குவிந்து நிற்கும். வழி கிடைக்காமல் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். மறுநாள் திடீரென்று பாய்ந்திருக்கும். இரண்டு வாரத்தில் 45 கிலோமீட்டருக்கும் மேல் நிலத்தடியிலேயே நடந்து, மாதக் கடைசியில் ஹோலுஹ்ராவ்னில் வெளிவந்து, ஆறு மாதம் ஓடியது. எவரும் கண்ணால் பார்க்காத அந்தப் பயணத்தின் காலடித் தடம் முழுக்க இந்தச் சின்ன நடுக்கங்கள்தான்.

இத்தனையும் எழுதிவிட்டு என் தவறை மறைக்கக் கூடாது. வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். ஒரு வாரத்தில் 14 சின்னத் துடிப்புகள், வாய்க்குழிக்குப் பக்கத்திலிருந்த ஒரே ஒரு நிலையத்தில் மட்டும். ஒரு நிலையத்தில் மட்டும் வந்ததை இடம் காண முடியாது. 'சத்தம்' என்று எழுதி எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். மாதக் கடைசியில் பெரியவர் என் பக்கங்களைப் பார்த்தார். அந்த 14-ஐயும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒட்டினார். ஒரே அலை. மேடு, பள்ளம், வால் வரை ஒரே அச்சு. காற்றோ மாடோ 14 தடவை ஒரே கையெழுத்துப் போடாது. ஒரே இடத்தில், ஒரே விரிசல், ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப அசைந்திருந்தால்தான் அப்படி வரும்.

அவர் திட்டவில்லை. "இது எங்கேன்னு தெரியாதுன்னு எழுது. இல்லைன்னு எழுதாதே" என்றார். மலை அந்த வருடம் வெடிக்கவில்லை. துடிப்புகளும் தாமாகவே நின்றன. ஆனாலும் அந்த 14-ஐ நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் உறுத்தும். மலை பேசியதை நான் அழித்திருக்கிறேன்.

இப்படித் தப்பிப் போவதை இப்போது கணினி தேடித் தருகிறது. இத்தாலியின் கம்பி ஃப்ளெக்ரேயில், லட்சக்கணக்கானவர்கள் குடியிருக்கும் அந்த எரிமலைப் பள்ளத்தில், 2022-லிருந்து 2025 வரை வழக்கமான முறையில் ஏறக்குறைய 12,000 நடுக்கங்கள் பட்டியலில் இருந்தன. இயந்திரக் கற்றல் முறையில் அதே பதிவுகளைத் திரும்ப வாசித்தபோது 54,000-க்கும் மேல் கிடைத்தன. சிதறிக் கிடந்த புள்ளிகள் சேர்ந்து வளையம்போன்ற ஒரு பிளவைக் காட்டின. அது எப்போதும் அங்கேயே இருந்திருக்கிறது, வாசிக்க ஆளில்லாமல். எனக்கு இதில் போட்டி மனப்பான்மை இல்லை. முழு மகிழ்ச்சிதான். ஆனால் கணினியாலும் பதிவாகாததை வாசிக்க முடியாது. கருவி அங்கே இருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மலை அதிரும்போது கேட்காமலே பணம் வருகிறது. அது சும்மா இருக்கும் வருடங்களில் பேட்டரிக்குக்கூடக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டும். நான் பார்த்துவந்த ஒரு மலையில் மேல் நிலையம் ஐந்து மாதம் ஊமையாகக் கிடந்தது. நடுக்கத்தின் ஆழத்தைத் துல்லியமாகச் சொல்ல அதற்கு நேர் மேலே, பக்கத்தில், ஒரு கருவி வேண்டும். அடிவாரத்தில் இருக்கும் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு 2 கிலோமீட்டரா 4 கிலோமீட்டரா என்று அடித்துச் சொல்ல முடியாது. மாக்மா ஏறுகிறதா என்ற கேள்விக்கு விடையே அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. "இப்போ ஒண்ணும் நடக்கலையே" என்பதுதான் கிடைத்த பதில். ஒன்றும் நடக்காததைப் பதிவதற்குத்தான் கேட்கிறோம் என்று நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை. கடைசியில் வேறொரு நிலையத்திலிருந்து கழற்றிய பேட்டரிகளோடு, கருவிகளைப் பராமரிக்கும் அண்ணனும் நானும் ஏறினோம்.

நான்கு மணி நேர ஏற்றம். சூரியத் தகட்டின்மேல் சாம்பல் நிறத்தில் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கேபிளின் உறையை ஏதோ பிராணி கடித்திருந்தது. குழியின் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு சாண் தேங்கியிருந்த தண்ணீரை இறைத்தோம். அண்ணன் சிமென்ட் மேடையைத் துணியால் துடைத்து, கருவியை வைத்து, மேலே இருந்த ரசமட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை மூன்று கால்களையும் திருகித் திருகிச் சரிசெய்தார். மூச்சுக்கூட மெதுவாக விட்டார். வடக்கு பார்த்த அம்புக்குறியைத் திசைகாட்டியோடு ஒப்பிட்டார். மூடி, மண் போட்டு மிதித்தோம்.

பிறகு வழக்கம்போல நான் குழியிலிருந்து ஐந்தடி தள்ளி நின்று, இடைவெளி விட்டு மூன்று முறை குதித்தேன். ஒரு நிலையம் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க இதைவிட நம்பிக்கையான வழி இல்லை. கீழே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியைப் போனில் கூப்பிட்டேன்.

"வருதுக்கா. நல்லா வருது. நாலும் தெளிவா இருக்கு."

"மூணுதான் குதிச்சேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பட்டனைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"நாலாவது மத்த அஞ்சு ஸ்டேஷன்லயும் இருக்குக்கா."

அண்ணனைப் பார்த்தேன். அவர் கையைத் தரையில் ஊன்றியபடி கருவிப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒன்றுமே தெரியவில்லை. தம்பி ஒவ்வொரு நிலையமாக நேரத்தைச் சொல்லச் சொல்ல என் குறிப்பேட்டில் எழுதினேன். மேல் நிலையத்தில் முதல் அலைக்கும் இரண்டாவதுக்கும் இடையே கால் விநாடிகூட இல்லை. அளவு 0.3. ஆழம், ஐந்து மாதத்துக்குப் பிறகு நாங்கள் நம்பிக்கையோடு எழுதிய முதல் ஆழம், 1.8 கிலோமீட்டர்.